பெட்டியில் வந்த கத்திக்குக் கடை விலையா?

வெள்ளவத்தையில் சுவிஸ் கத்தி வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கோடை விடுமுறைக்கு சூரிச், பேர்ன் பக்கமிருந்து வருகிறவர்களின் பெட்டிகளில் சொக்லேட்டுக்குப் பக்கத்தில் எப்படியும் ஒன்றிரண்டு கிடக்கும். முக்கால்வாசி அன்பளிப்பாகப் போய்விடும், மிச்சம் கைமாறும். அப்படி விற்பனைக்கு வந்த ஒன்றைப் பாவித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சுவிஸ் இராணுவத்தின் 1961 மாதிரி வில்லுக்கத்தி. விக்டோரினொக்ஸ் தயாரிப்பு. அலகின் அடியில் 87 என்று வருட முத்திரை. கேட்ட விலை 45,000 ரூபாய். "ஆமிக்காரன்ர கத்தி அண்ணை, கடையில காசு குடுத்தாலும் எடுக்கேலாது" என்றார் விற்க வந்த தம்பி. தெரிந்த பிள்ளை என்பதால் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கவும் விட்டார்.

கத்தி நல்ல கத்தி, அதில் வாதமில்லை. மூடினால் 93 மில்லிமீற்றர் நீளம், எடை 70 கிராம் அளவில். பிடி பிளாஸ்டிக் அல்ல. சின்னச் சின்னக் கட்டங்கள் பதித்த அலுமினியம், ஈரக் கையிலும் வழுக்காது. உள்ளே நான்கு உறுப்புகள்தான்: அலகு, குத்தூசி, ரின் வெட்டி, சோடா மூடி திறப்பான். கடைசி இரண்டின் நுனியும் ஸ்குரூ டிரைவர். கத்தரிக்கோல் இல்லை, வைன் போத்தல் தக்கை எடுக்கும் திருகியும் இல்லை. ரின் மீன் ஒன்றைத் திறந்து பார்த்தேன். வெட்டி சின்னக் கடிகளாக முன்னோக்கிப் போகிறது. அவசரப்படாவிட்டால் விளிம்பில் பிசிறு நிற்பதில்லை. அதே வெட்டியின் நுனி பிளக்கின் நட்சத்திர ஆணியையும் கழற்றியது. அலகின் உருக்கு மிகக் கடினமானதல்ல. பார்சல் கயிறும் மட்டையும் வெட்டிக்கொண்டே போனால் மழுங்கும், ஆனால் சாணைக்கல்லில் நாலு இழுப்பில் கூர் திரும்பி வரும். வீடு கடற்கரை ரயில் பாதைப் பக்கம் என்றால் இன்னொரு நன்மை: உப்புக் காற்றுக்கு இந்த அலுமினியமும் துருவேறா உருக்கும் அசைவதில்லை. குறை என்றால், திறந்த அலகைப் பூட்டிவைக்க ஏற்பாடில்லை. குத்துகிற வேலைக்கு இதை எடுக்கக் கூடாது.

இனி விலை. விற்பவர் சொல்வது பாதி உண்மை. இந்தக் கத்தி கடையில் இல்லை, இதன் கூடப்பிறந்தது இருக்கிறது. விக்டோரினொக்ஸ் இன்றும் செய்து விற்கும் பயனியர் என்ற மாதிரிக்கு அதே 93 மில்லிமீற்றர், அதே அலுமினியம், அதே நான்கு உறுப்புகள். சாவிவளையம் ஒன்று கூட, வருட முத்திரை ஒன்று குறைவு. அதனால் பழைய வீரர் கத்திக்குப் பேரம் பேச உட்காரும்போது தரை விலை புதுப் பயனியர்தான். முத்திரைக்கு எவ்வளவு கூடக் கொடுக்கலாம் என்பது மட்டுமே மிச்சக் கேள்வி.

கணக்குக்காக ஒரு பயனியரை சுவிஸ் கடையில் 45 பிராங்க் என்றும், ஒரு பிராங்கை 380 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 17,100 ரூபாய். சுவிசின் 8.1 வீத வற் வரியும் இதற்குள் அடக்கம். பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவருக்குக் கப்பல் கூலி இல்லை, கடை வாடகை இல்லை. அலைச்சலுக்கும் இலாபத்துக்கும் 15 வீதம் வைத்தாலும் 20,000க்குள் நிற்கிறது.

அதையே கொழும்பில் ஒரு கடைக்காரர் முறையாக இறக்குமதி செய்தால் கதை வேறு. சுங்கத் தீர்வை, துறைமுக விமான நிலைய வரி, 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரி, எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் 18 வீத வற். வரிக்கு மேல் வரி ஏறுகிற இந்த அடுக்கில், மொத்த விலைக்கு எடுத்தவருக்கும் கைவிலை ஊதிவிடும். பிறகு காலி வீதி வாடகை, மாதக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் முடங்கும் முதல், பழுதென்றால் முகம் கொடுக்கிற பொறுப்பு. அவர் 27,000 சொன்னால் எனக்குக் கோபம் வராது. அந்தக் கூடுதல் காசு எங்கே போகிறது என்று காட்ட அவரிடம் கணக்கு இருக்கிறது. எனக்கு எரிச்சல் தருவது, பெட்டியில் வந்த சாமானுக்குக் கடை விலையைக் காட்டி, அதன் மேல் 'கலெக்டர் ஐட்டம்' என்று இன்னொரு தட்டு ஏற்றுவது. வரியும் கட்டவில்லை, உத்தரவாதமும் தரவில்லை, ஆனால் இரண்டின் விலையும் வேண்டும்! 2022இல் ரூபாய் விழுந்தபோது பழகிய பழக்கம் இது. அப்போது வெளிநாட்டுச் சாமான் எதற்கும் வாய்க்கு வந்த விலை சொல்லலாம் என்றிருந்தது. ரூபாய் ஓரளவு நிமிர்ந்த பிறகும் வாய் இறங்கவில்லை.

'கலெக்டர் ஐட்டம்' என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். சுவிசில் ஆண்களுக்கு இராணுவ சேவை கட்டாயம், ஆளுக்கொரு கத்தி கிடைக்கும். இந்த மாதிரி 1961 முதல் 2008 வரை வந்தது. விக்டோரினொக்ஸும், அது 2005இல் வாங்கிக்கொண்ட வெங்கரும் பங்கு போட்டுச் செய்தார்கள். அரை நூற்றாண்டுக்குக் கிட்ட ஒரு படைக்கே கொடுத்த சாமான் எப்படி அரிதாகும்? சுவிஸ் பழஞ்சந்தைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அங்கே பிறந்து சேவைக்குப் போகும் நம்மவர் பிள்ளைகளுக்கு இப்போது கிடைப்பதோ 2008 மாதிரி, 111 மில்லிமீற்றர் நீளமான வேறு கத்தி. உண்மையில் அரிதானது என்றால் 1891இல் கொடுத்த முதல் தொகுதியைச் சொல்லலாம். கருமரப் பிடி போட்ட அந்தக் கத்திகளைச் செய்ய சுவிசில் அப்போது வசதி போதாமல், ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்வித்தார்கள். அதில் ஒன்று வெள்ளவத்தையில் தலைகாட்டினால் விலை பேச நான் ஆளில்லை.

87ஆம் ஆண்டுக் கத்திக்கு விலையைத் தீர்மானிப்பது அதன் உடம்புதான். மூடிய நிலையில் அலகின் நுனி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பிடிக்குள் அதிகம் இறங்கியிருந்தால் பலமுறை தீட்டித் தேய்ந்த அலகு. திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மூடும்போது 'டக்' என்று வில் இழுக்க வேண்டும். முத்திரையின் எழுத்து மழுங்கி, சுற்றியுள்ள உருக்கு கண்ணாடியாக மினுங்கினால் மெசினில் பொலிஷ் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்ததில் அலகு முழுசு, வில் உறுதி, பிடியில் இரண்டு ஆழமான கீறல். அதற்கு 20,000 சொன்னேன். தம்பி 30,000க்குக் கீழே வரவில்லை. அந்தக் காசுக்குப் புதுப் பயனியரே பற்றுச்சீட்டோடு வரும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்லைன் விளம்பரங்களைக் காட்டி அவர் வாதாடினார். விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. விற்ற விலையை அங்கே யாரும் எழுதுவதில்லை.

கொட்டாஞ்சேனையில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். ஜம்பட்டா வீதிப் பக்கம் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் மான்கொம்புப் பிடி போட்ட ஜோசப் ரொட்ஜர்ஸ் கத்தி ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரச் சாமான். அந்த நிறுவனத்தின் நட்சத்திரமும் மோல்டாச் சிலுவையும் 1682இல் பதிவான முத்திரை. பெயர் பெற்ற முத்திரை என்பதால் அதைப் போலவே அடித்த போலிகளும் அந்தக் காலத்திலேயே உலாவின. பயனியரைப் போல நேராக வைத்து ஒப்பிடப் புதுக் கத்தி எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆகவே என் கையில் தரை விலையும் இல்லை. முத்திரை சுத்தமாகத் தெரிகிறதா, அலகு எவ்வளவு மிச்சம், கொம்பில் வெடிப்பு உண்டா, இவ்வளவுதான் பார்க்க முடியும். இதில் சிலுவை தெளிவாக இருந்தது, அலகு மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தது. 15,000 கேட்டவர் தேய்மானத்தைக் காட்டியதும் பாதிக்கு இறங்கினார். "இருங்கோ தம்பி, கறையை உரஞ்சி மினுக்கித் தாறன்" என்றார். மினுக்கினால் அந்த முத்திரையும் போய்விடும் என்று தடுத்து, கறையோடேயே வாங்கிக்கொண்டேன்.