வைஃபை இல்லாத பட்டன் ஃபோனுடன் இரண்டு வாரம்

திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடை. மயிலத்தில் இருக்கும் அத்தைக்காக அங்கே வாங்கிய பட்டன் ஃபோனை மறுபடி எடுத்துப் போய் கவுண்டரில் வைத்தேன். "தம்பி, இதுல வைஃபை எங்க இருக்கு?"

"பட்டன் ஃபோனுக்கு எதுக்குண்ணா வைஃபை? அதான் சிம்லயே நெட்டு வருதே."

அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு அந்தப் பதில் போதும். எனக்கும் 2024 நவம்பர் கடைசி வரை போதுமானதாகத்தான் இருந்தது.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. அத்தை வீட்டில் கரண்ட் போனது, பிறகு டவரும் போனது. நான் விழுப்புரத்தில் உட்கார்ந்து விடாமல் அழைத்துக்கொண்டிருந்தேன்; தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற குரல்தான் கேட்டது. எதிர்வீட்டில் மட்டும் ஃபைபர் இணைப்பு இன்வர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு ஸ்மார்ட்ஃபோன்களில் வைஃபை காலிங் இருந்ததால், டவர் இல்லாமலே அழைப்புகள் போய் வந்தன. அத்தைக்கு அந்த வைஃபையின் பாஸ்வேர்டு தெரியும். பேரப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது கேட்டு வாங்கி, காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதைப் போட அவர் ஃபோனில் இடமே இல்லை. விடிந்ததும் எதிர்வீட்டுப் பையன்தான் குடை பிடித்துக்கொண்டு வந்து தன் ஃபோனைக் கொடுத்துப் பேச வைத்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு அந்த ஃபோனை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு வாரம் நானே பயன்படுத்தினேன். இது ஒரு செல் நிறுவனம் தன் சிம்முக்கென்றே விற்கும் 4ஜி பட்டன் ஃபோன். வேறு நிறுவனத்தின் சிம் போட்டால் வேலை செய்யாது. விலை ஆயிரத்துச் சொச்சம். எந்த நிறுவனம் என்பதை எழுதவில்லை. பேச வேண்டியது இந்த வகை ஃபோனைப் பற்றித்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பட்டன்கள் நன்றாக அழுந்துகின்றன. எழுத்துகள் பெரியவை, கண்ணாடி போடாமலே எண்ணை அழுத்தலாம். விழுப்புரம் புதிய பஸ் நிலையத்தின் இரைச்சலிலும் எதிர்முனைக் குரல் தெளிவாகக் கேட்டது. அது 4ஜி வழியாகப் போகும் வோல்ட்டி அழைப்பின் தரம். பேசுவதற்கு மட்டும் என்றால் ஒரு சார்ஜ் இரண்டு நாள் வருகிறது. டார்ச் பிரகாசமாக இருக்கிறது, எஃப்எம் உண்டு, மெனு தமிழில் வருகிறது. யுபிஐயும் இருக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்துக் கடையில் டீக்குப் பணம் அனுப்பினேன்; கியூஆர் கோடைப் பிடிக்க அந்தச் சின்னக் கேமரா திணறினாலும் மூன்றாவது முறை பிடித்துவிட்டது. இந்த விலைக்கு இவ்வளவும் வருவதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

நெடுஞ்சாலையில் சிக்னல் ஒழுங்காக இருந்தது. கூட்டேரிப்பட்டில் இறங்கி அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் குறைந்தது. திண்ணையில் மூன்று கோடு, கூடத்தில் ஒன்று. கான்கிரீட் கூரை போட்ட சமையலறையில் ஒன்றுமே இல்லை. அதே சமையலறையில் என் ஸ்மார்ட்ஃபோன் எதிர்வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசியது. வைஃபை காலிங்கில் ஃபோன் டவரைத் தேடுவதில்லை. இணையத்தின் வழியே செல் நிறுவனத்தின் வாசல் வரைக்கும் பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி ஒரு குழாய் போட்டு, அதே எண்ணில் அதே அழைப்பை அதற்குள் அனுப்புகிறது. தனிச் செயலி வேண்டாம், தனிக் கட்டணமும் இல்லை. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதை இந்தியாவில் தொடங்கின. ஊர்ப்புறத்துக் கான்கிரீட் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வசதியை நான் பார்த்ததில்லை.

விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு மாலை முழுக்க ரயில்டெல் நிறுவனத்தின் இலவச வைஃபையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் பதிந்தால் ஓடிபி வரும், அரை மணி நேரம் இலவசம். பட்டன் ஃபோனின் எண்ணைக் கொடுத்தேன். ஓடிபி அதற்கு வந்தது. இணையம் என் ஸ்மார்ட்ஃபோனுக்கு வந்தது. பொதுப் பணத்தில் கட்டிய ஒரு வசதியின் சாவி அந்த ஃபோனுக்கு வருகிறது, அதைத் திறந்து உள்ளே போகத்தான் வழியில்லை. அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது.

ஏன் வைக்கவில்லை? செலவு என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. வைஃபைக்கு ரேடியோ பாகம் வேண்டும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் மென்பொருள் நினைவகத்தில் இடம் கேட்கும். சின்ன பேட்டரியைக் கொஞ்சம் தின்னும். ஆயிரம் ரூபாய்ப் பொருளில் ஐம்பது ரூபாயும் பெரிய கணக்குதான். அரசு அனுமதியைக் காரணம் காட்டினால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005இலேயே உரிமம் தேவையில்லாத பட்டியலுக்கு வந்துவிட்டது. கருவிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது சரி. ஆனால் இதே ஃபோனில் இருக்கும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது, அதற்கும் அந்த ஒப்புதல் வேண்டும்.

செலவுக் கணக்கையும் முழுசாக நம்ப முடியாதபடி ஒரு பழைய ஃபோன் நிற்கிறது. 2017இல் ஜியோஃபோன் வந்தபோது 1,500 ரூபாய் டெபாசிட் கட்டி வாங்கினார்கள். அதுவும் பட்டன் ஃபோன்தான், அதுவும் ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டியதுதான். அதில் வைஃபை இருந்தது. வந்த புதிதில் ஹாட்ஸ்பாட் தான் இல்லை. வெளியிலிருந்து இணையத்தை வாங்கிக்கொள்ளலாம், மற்றவருக்குக் கொடுக்க முடியாது. எதை வைப்பது, எதை விடுவது என்பதில் செலவு மட்டும் பேசவில்லை என்பது இதில் தெரிகிறது.

நிறுவனம் ஃபோனை அடக்க விலைக்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ கொடுக்கிறது. போட்ட பணத்தை மாதாமாதம் ரீசார்ஜில் எடுக்க வேண்டும். பார்க்கிற ஒவ்வொரு பாட்டும் படமும் சிம் வழியாகப் போனால்தான் அந்தக் கணக்கு நேராகும். வைஃபை வைத்தால், வீட்டில் வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் இருக்கிறவர் ரீசார்ஜைக் குறைத்துக்கொள்வார். வியாபாரமாக இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. வாங்குகிறவரிடம் இதைச் சொல்லாமல் விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெட்டியின் மேல் இருந்தது '4ஜி இன்டர்நெட்' என்ற வாசகம். வைஃபை கிடையாது என்று எந்தப் பக்கத்திலும் கண்ணில் படவில்லை.

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான் நடந்தது, அங்கே விலையுயர்ந்த ஃபோன்களில். நோக்கியா ஈ61இல் வைஃபையும் 3ஜியும் இருந்தன; 2006இல் அமெரிக்காவின் சிங்குலர் நிறுவனத்துக்காக வந்த ஈ62இல் இரண்டுமே இல்லை. 2008 நவம்பரில் வெரைசன் விற்ற பிளாக்பெர்ரி ஸ்டார்ம் வைஃபை இல்லாமலே வந்தது. அடுத்த வருடம் வந்த ஸ்டார்ம் 2இல் சேர்த்தார்கள். சீனாவில் காரணம் வேறு. வைஃபைக்கு மாற்றாக வாப்பி என்ற தன் சொந்தத் தரத்தை அரசு நுழைக்கப் பார்த்தது. அதனால் 2009 அக்டோபர் 30ஆம் தேதி சைனா யூனிகாம் விற்கத் தொடங்கிய ஐஃபோன், வைஃபை நீக்கப்பட்டுக் கடைக்கு வந்தது. மறு வருடம்தான் வைஃபை உள்ள மாடல் கிடைத்தது. நம் ஊரில் 2003இல் 501 ரூபாய் கட்டி ரிலையன்ஸ் சிடிஎம்ஏ ஃபோன் வாங்கியவர்களுக்குப் பூட்டு புதிதில்லை. அந்த ஃபோன்களில் சிம்மே கிடையாது, எண் ஃபோனுக்குள்ளேயே பதிந்திருக்கும். கம்பெனி மாற வேண்டுமென்றால் ஃபோனையே தூக்கிப் போட வேண்டும்.

இந்த ஃபோனை வாங்கலாமா? வெளி வேலையில் பொழுது போகிறவர், பேச்சும் பாட்டும் போதும் என்பவர், வீட்டுக்குள் சிக்னல் நன்றாக இருக்கிறவர் தாராளமாக வாங்கலாம். தனியாக இருக்கும் பெரியவருக்கு, சிக்னல் மங்கலான வீட்டுக்கு, நான் வாங்கித் தர மாட்டேன். கடையில் கேட்பதானால் "நெட்டு வருமா" என்று கேட்காதீர்கள், வரும் என்றுதான் சொல்வார்கள். அமைப்புகளுக்குள் வைஃபை என்ற வரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பிறகு வைஃபை காலிங் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். இன்னொன்று: ஃபைபர் ரவுட்டரில் இரண்டு பெயர் வந்து, ஒன்றின் கடைசியில் 5ஜி என்றிருந்தால் அது செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. மலிவான ஃபோன்கள் பலவற்றில் அந்தப் பெயர் தெரியாது. ஃபோன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம். மற்ற பெயரில் சேர்த்தால் போதும்.

அத்தையின் சிம்மை என் பழைய ஆண்ட்ராய்டில் போட்டு, சாதாரண ரீசார்ஜுக்கு மாற்றி, காலண்டரில் இருந்த பாஸ்வேர்டைப் பார்த்து அடித்து, வைஃபை காலிங்கை ஆன் செய்து கொடுத்தேன். அதற்கு முன்னால் எதிர்வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். அத்தை அடுப்படியில் நின்றபடியே சென்னையில் இருக்கும் மகனிடம் பேசினார். "இன்னாடா கண்ணு, பக்கத்துல இருந்து பேசற மாதிரி இருக்கு."

நான்கு நாள் கழித்து ஃபோனைத் திருப்பி நீட்டினார். ஈரக் கையால் தொட்டால் திரை கேட்பதில்லை, எங்கேயோ பட்டு யாருக்கோ அழைப்பு போகிறது. "பட்டன் வச்ச ஃபோன்ல இது வராதா?" என்று கேட்டார்.

வந்திருக்கிறது. நோக்கியா 8110 4ஜி 2018இல் இங்கே 5,999 ரூபாய்க்கு விற்றது. பட்டனும் இருந்தது, வைஃபையும் இருந்தது. விழுப்புரம் எம்.ஜி. ரோட்டிலும் திண்டிவனத்திலும் ஆறு கடை ஏறி இறங்கினேன். வைஃபை உள்ள பட்டன் ஃபோன் ஒன்றுகூட அலமாரியில் இல்லை. பழைய ஃபோன் விற்கும் ஒருவர், வந்தால் எடுத்து வைப்பதாகச் சொல்லி என் எண்ணை எழுதி வைத்துக்கொண்டார்.