வீட்டுத் தோட்டத்தில் செங்காந்தள்

செங்காந்தளின் அழகு நிறத்தைவிட நிறம் மாறுவதில்தான் இருக்கிறது. மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். மலரும்போது ஆறு இதழ்களும் அலையலையான ஓரத்தோடு மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். அப்போது அடிப்பாதி மஞ்சள், நுனிப்பாதி சிவப்பு. அடுத்தடுத்த நாள்களில் சிவப்பு மெல்ல இறங்கி மஞ்சளை மூடிவிடும். பூத்து நிற்கும் கொடி ஒன்றில் பச்சை மொட்டு, இருநிறப் பூ, முழுச் சிவப்பு மூன்றையும் ஒரே காலைப் பொழுதில் பார்க்கலாம். ஜப்பானின் கோச்சி பகுதியில் இதைக் கொய்மலராகவே வளர்த்து விற்கிறார்கள். குவளையில் வைத்தாலும் அழகுதான். ஆனால் இந்த வரிசை முழுவதையும் காணக் கொடியருகே நிற்க வேண்டும்.

கூர்ந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு விந்தையும் உண்டு. சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக வளைந்து பக்கவாட்டில் நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் படாதபடி அமைந்த ஏற்பாடு இது. விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பது இதனால்தான். வீட்டுத் தோட்டத்துக்கு அந்த வேலை தேவையில்லை.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் முதலில் வருவது காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் கூட. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் இது எப்போதும் வேலிப் பூ. கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றால்தான் பெரியவர்களுக்குத் தெரியும். திருமயம் வட்டத்து அரிமளம் போன்ற ஊர்களின் செம்மண், சரளை நிலம் இதற்குப் பொருத்தமானது. மழை கொட்டினாலும் நீர் தங்காது.  காந்தள் இங்குள்ள வெயிலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் பழகியது. புதர்க்காடு இருந்த இடங்களில் தைலமரம் வந்தபிறகு அதன் இடம் சுருங்கிவிட்டது என்பதுதான் வருத்தம். வீட்டில் வளர்க்க அதுவே நல்ல காரணம்.

கிழங்கு கலப்பை போல இரு கைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். நுனி முறிந்தால் அந்தக் கை முளைக்காது. அதனால் எடுப்பதிலும் வைப்பதிலும் பதற்றம் கூடாது. ஆனி, ஆடியில், 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கைப் படுக்கைவசமாக, நான்கு விரல் ஆழத்தில் நட வேண்டும். தொட்டி என்றால் அகலமானது நல்லது. செம்மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து, அடியில் ஓட்டாஞ்சில்லு போடலாம். விதையிலிருந்தும் வளரும், ஆனால் பூவைப் பார்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இந்தக் கொடிக்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பிடித்துக்கொள்ளும். பருமனான கம்பத்தைக் கொடுத்தால் சுற்ற முடியாமல் சரிந்துவிடும். மெல்லிய குச்சி, கம்பிவலை, கிளுவை வேலி இவைதான் சரி. தண்டு எளிதில் முறியும் என்பதால், படர்ந்த பிறகு இடம் மாற்றிக் கட்டப் பார்க்கக் கூடாது. வேர்ப்பகுதி நிழலிலும் தலை வெயிலிலும் இருந்தால் பூ நிறையும். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். கார்த்திகைப்பூ என்ற பேரும் இதற்கு உண்டு.

பலர் இதை இழப்பது தண்ணீரால்தான். மார்கழிக்குமேல் இலை மஞ்சளாகி வாடினால் நோய் என்று நினைத்து ஊற்றுகிறார்கள், கிழங்கு அழுகிவிடுகிறது. அது நோயல்ல, உறக்கம். அந்தக் கட்டத்தில் நீரை அடியோடு நிறுத்திவிட வேண்டும். பழைய கிழங்கு சுருங்கி, பக்கத்தில் புதிய கிழங்கு உருவாகியிருக்கும். அதை மண்ணிலேயே விடலாம். எடுத்து உலர்ந்த மணலில் வைத்தாலும் அடுத்த ஆனியில் முளைக்கும். ஈரம் நிற்கும் தாழ்ந்த நிலம் என்றால் எடுத்து வைப்பதே பத்திரம்.

வளரும் காலத்தில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி போட்ட புழு இலைகளைக் கூட்டமாகத் தின்னும். வீட்டில் உள்ள நாலைந்து கொடிகளுக்கு மருந்தடிக்க வேண்டியதில்லை, பொறுக்கி எடுத்துவிட்டால் போதும். அடைமழையில் இலைக்கருகல் வந்தால் கருகிய இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.

செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. கவுட் எனப்படும் மூட்டுவாதத்துக்கு மருந்தாகும் கோல்ச்சிசின்தான் அந்த நஞ்சு. மருந்தின் அளவு மிகக் குறைவு; அதைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணித் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். கிழங்கைத் தொட்டபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சிறுபிள்ளைகளும் ஆடுமாடுகளும் புழங்கும் முற்றத்தில் வைக்கவே கூடாது.

வீட்டில் வளர்ப்பதற்காகக் காட்டிலோ வேலியிலோ நிற்பதைத் தோண்டத் தேவையில்லை. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் இதைப் பயிரிடும் விவசாயிகளிடமே நடவுக்கிழங்கை விலைக்கு வாங்கலாம்.