காந்தம் சுழற்றும் பம்ப்

அமெரிக்காவில் கார் கொட்டகையில் பியர் காய்ச்சுகிறவர்களில் சிலர் பம்ப் வாங்கும்போது முதலில் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது காந்த பம்பின் அடக்கம். மோட்டாருக்கும் மால்ட் சாற்றுக்கும் நடுவே மூடிய சுவர்; அதைத் துளைக்காமலே காந்தம் உள்சக்கரத்தைச் சுழற்றுகிறது. தண்டு நுழைய ஓட்டை இல்லாததால் அங்கே கசிவும் இல்லை. தானாக உறிஞ்சத் தெரியாத பிராணி. கொப்பரைக்குக் கீழே வைத்து, சாறு இறங்கி பம்ப் நிறையும்வரை காத்திருக்க வேண்டும். காற்று சிக்கினால் கரகரக்கும், விலகியதும் மெல்ல முனகும். கைதேர்ந்தவர் அந்த ஒலியைக் கேட்டே வெளிவாய் வால்வைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறப்பார். அவசரப்பட்டால், கொப்பரையில் சாறு வடிகிற தானியப் படுகை இறுகிவிடும். பொறுத்தால், பிசுபிசுப்பான கலங்கல் சாறு படுகை வழியே சுற்றிச் சுற்றி வந்து தேன் நிறத்தில் தெளியும். ஒரு பம்ப் கொதிசூட்டைத் தாங்கி, கழற்றிக் கழுவவும் எளிதாக இருந்தால் அதையே வாங்கலாம். பம்பின் எஃகுத் தலை மினுமினுப்புக்கெல்லாம் நான் மயங்கமாட்டேன்.