பிரெட் ஆம்லெட்டுக்கு இரண்டு நட்சத்திரம்

அண்ணாமலை நகரில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தெருமுனைக் கடைக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். தகரக் கூரை, ஒரு தோசைக்கல், கண்ணாடி பாட்டில்களில் பிஸ்கட், வெளியே இரண்டு பெஞ்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பிரெட் ஆம்லெட் கிடைக்கும். கூகுள் மேப்பில் அந்தக் கடைக்கு அப்போது ஏழெட்டுப் பேர்தான் எழுதியிருந்தார்கள். நானும் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். எண்ணெய் அதிகம், பிரெட் பழசு, தட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, கடைக்காரருக்குப் பேசத் தெரியவில்லை. எழுதி முடித்ததும் ஒரு திருப்தி வந்தது பாருங்கள், முதல் கவிதை பத்திரிகையில் வந்தபோதுகூட அப்படி வரவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஹாஸ்டல் குரூப்பில் போட்டேன். அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு மூலபாடம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

சமீபத்தில் சில வாரங்களாக எனக்கு ஒரு பைத்தியம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் கீழ வீதி வரைக்கும் இருக்கிற சின்னச் சின்னக் கடைகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதியதை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். பேக்கரி, டீக்கடை, இட்லிக் கடை, சில்வர் பீச் பக்கத்துத் தள்ளுவண்டி, எதையும் விடவில்லை. நாம் நாவல் விமர்சனம், சினிமா விமர்சனம் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் இன்று சாதாரண ஜனங்கள் கையில் எடுத்திருக்கிற விமர்சன வடிவம் இதுதான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இதையும் ஒரு வடிவமாகப் படித்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

முதலில் அதன் யாப்பு. கூகுளின் லோக்கல் கைடு திட்டத்தில் நட்சத்திரம் மட்டும் போட்டால் 1 புள்ளி. எழுதினால் 10. எழுதியது 200 எழுத்துகளைத் தாண்டினால் இன்னொரு 10. புள்ளி ஏற ஏற உங்கள் படி நிலையும் ஏறும். வெண்பாவுக்கு ஈற்றடி மாதிரி இந்த வடிவத்துக்கு 200 எழுத்து. சொல்ல விஷயம் இல்லாமலேயே 'ஆம்பியன்ஸ் நன்றாக இருந்தது' என்று ஒரு வரியைச் சேர்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பத்துக்காகத்தான். இரண்டு பெஞ்சு போட்ட கடைக்கு என்னய்யா ஆம்பியன்ஸ்?

நட்சத்திரம் பழைய சரக்கு. டயர் கம்பெனியான மிஷ்லின் 1926-லேயே பிரான்சில் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அங்கே கொடுக்கிறவர் சம்பளம் வாங்கும் சோதனையாளர். 2004-ல் யெல்ப் வந்தபின் எல்லோரும் சோதனையாளர்கள் ஆனோம், சம்பளம் மட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு மொழியியலாளர் டான் ஜுராஃப்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 9 லட்சம் யெல்ப் அபிப்பிராயங்களை அலசி 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கும், 'அவன் இப்படிச் செய்தான், அவள் அப்படிச் சொன்னாள்' என்று போகும், 'நாங்கள்' என்ற சொல் அடிக்கடி வரும். ஒரு விபத்திலோ பேரிழப்பிலோ சிக்கியவர்கள் பிறகு எழுதுகிற மொழி அது. மலிவான கடைகளைப் புகழும்போது மக்கள் போதைப்பொருள் மொழிக்குப் போய்விடுகிறார்கள் என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது. நம்ம பசங்க பரோட்டாவுக்கு 'அடிக்ட் ஆயிட்டேன் ப்ரோ' என்று எழுதுவதைப் பார்த்தால் ஸ்டான்ஃபோர்டு வரைக்கும் போயிருக்கவே வேண்டாம் போலிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு என் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வாக்கியமே 'நாங்கள் சென்றோம்' என்றுதான் ஆரம்பிக்கிறது. அன்றைக்கு நான் தனியாகத்தான் போனேன்.

அந்த 'நாங்கள்' யார்? விமர்சகன் தனக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்பதாகக் காட்டிக்கொள்வது இலக்கியத்திலும் நடப்பதுதான். 'வாசகன் ஏமாற்றமடைகிறான்' என்று எழுதுகிறவர் எந்த வாசகனைக் கேட்டார்? ஆனால் இலக்கிய விமர்சகனுக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு. திட்டிய எழுத்தாளரை அடுத்த புத்தகக் காட்சியில் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். நட்சத்திரம் போடுகிறவருக்கு அது இல்லை. அவர் சமைத்தவரிடம் பேசவில்லை. நாளைக்கு வரப்போகும் இன்னொரு அந்நியரிடம், சமைத்தவரின் தலைக்கு மேலாகப் பேசுகிறார்.

கொத்சு விவகாரத்தில் இது நன்றாகத் தெரியும். சிதம்பரத்தில் இட்லிக்குக் கொத்சு வரும். கத்தரிக்காயைச் சுட்டோ நல்லெண்ணெயில் வதக்கியோ மசித்து, புளி கரைத்துவிட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்த பொடியைப் போட்டு எண்ணெய் மிதக்க இறக்குவது. பருப்பு கிடையாது. நடராஜர் கோயிலில் நெய்யும் மிளகும் சீரகமும் போட்ட சம்பா சாதத்தோடு நைவேத்தியமாகிற அதே கொத்சு. வெளியூர்க்காரர்கள் தரிசனம் முடித்து, பிச்சாவரத்துக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி இட்லி சாப்பிடுகிறார்கள். பிறகு எழுதுகிறார்கள், சாம்பார் ஒரேயடியாகப் புளிக்கிறது, பருப்பே காணோம், மூன்று நட்சத்திரம். இந்த மாதிரி ஒன்றல்ல, பல பார்த்தேன். நாக்கின் மீது குற்றம் இல்லை. நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, புளிப்பு உண்டு, பருப்பு இல்லை. வெண்பாவைப் படித்துவிட்டு 'புதுக்கவிதை மாதிரி இல்லையே' என்று சொல்வது போன்ற வாசிப்புப் பிழை இது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு உள்ளூர்க்காரரிடம் 'இது என்னங்க?' என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை, போன் கையில் இருந்தது.

சாண்ட்விச்சிலும் இதே கதைதான். பிரெட் ஆம்லெட்டை 'சாண்ட்விச் என்று சொல்ல முடியாது, காய்கறி ஒன்றுமில்லை' என்று குறை சொன்னவர்கள் உண்டு. அது தன்னைச் சாண்ட்விச் என்று எப்போது சொன்னது? கடலூர்க்காரனாக இங்கே ஒரு குசும்பு. சாண்ட்விச் என்ற சொல் உணவுக்குப் பெயராக முதலில் எழுத்தில் காணக் கிடைப்பது 1762-ல், எட்வர்ட் கிப்பனின் நாட்குறிப்பில். எங்கள் ஊர் புனித டேவிட் கோட்டை 1758-லேயே பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்துவிட்டது. வெள்ளைக்காரன் இங்கே கோட்டையில் கோலோச்சிய காலத்தில் அவன் எழுத்திலேயே சாண்ட்விச் இல்லை. ஆகவே எங்கள் பிரெட் ஆம்லெட் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல.

இன்னொரு திருப்பாப்புலியூர்க்காரரை இழுக்க வேண்டியிருக்கிறது. புதுமைப்பித்தன் நெல்லைக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் 1906-ல் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைக்கு வருகிற கடவுளைப் பிள்ளை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறார், இருவரும் காப்பி குடிக்கிறார்கள். கடவுளுக்கு அது அமிர்தமாக இருக்கிறது, தன்னுடைய லீலை என்று பூரிக்கிறார். பிள்ளையோ, உம்முடைய லீலை இல்லை, ஹோட்டல்காரனுடைய லீலை, சிக்கரியைக் கலந்திருக்கிறான் என்கிறார். இந்த இடத்தைக் கடவுளைக் கிண்டலடிக்கும் இடமாகவே படித்துவந்தேன். இப்போது எனக்கு அது இரண்டு வாடிக்கையாளர்களின் அபிப்பிராயமாகத் தெரிகிறது. கடவுள் வெளியூர்க்காரர், ஒரே ஒரு தடவை குடித்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போடுகிற ஆள். பிள்ளை ரெகுலர் கஸ்டமர். காப்பியில் என்ன கலக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் குடிக்கிறார். பிள்ளைமார் எழுதுவதே இல்லை என்பதுதான் மேப்பில் இருக்கிற பெரிய ஓட்டை. பதினைந்து வருஷமாக ஒரே பெஞ்சில் டீ குடிக்கிறவர் எதற்கு எழுதப்போகிறார்? அவர் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிவிடுகிறார். 'இன்னிக்கு டிகாஷன் செத்துப் போச்சுண்ணே.' 'நாளைக்குப் பாரு.' முடிந்தது.

இப்படி எழுதி வைத்துவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. மஞ்சக்குப்பத்தில் வேலை பார்க்கும் ஒரு தோழியிடம் அனுப்பினேன். அவள் போன் பண்ணினாள்.

"நீ சொல்ற பெஞ்சுல நான் எப்படா உக்காந்திருக்கேன்?"

பதில் இல்லை என்னிடம்.

"ரிவ்யூ பாக்காம நான் எந்தக் கடைக்கும் போனதில்ல. உள்ள உக்கார எடம் இருக்கா, பொண்ணுங்க தனியா போலாமா, பாத்ரூம் இருக்கா. இதெல்லாம் உன் பிள்ளைவாள்கிட்ட போய்க் கேக்கவா?"

அவள் சொன்னபிறகு திரும்பப் படித்தால் வேறு வரிகள் கண்ணில் படுகின்றன. 'ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆண்கள் கூட்டம் அதிகம்' என்ற மாதிரி வரிகள். நான் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போன, நடையே இல்லாத, புள்ளிக்காக எழுதியதாக நினைத்த வரிகள். என் பெஞ்சு பெண்களுக்கு மட்டும்தான் எட்டாமல் இருந்ததா? இரட்டை டம்ளர் வைத்திருந்த தமிழ்நாட்டு டீக்கடைகளின் பெஞ்சும் அதே பெஞ்சுதான். அங்கே கடைக்காரரின் முகத்துக்கு நேராக 'டீ நல்லாயில்ல' என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது? உட்காரவே விடாத இடத்தில் முகத்துக்கு நேரான விமர்சனம் என்பது உட்கார்ந்திருந்தவர்களின் சலுகை. நட்சத்திரம் போடுகிறவரிடம் மேப் ஊரும் தெருவும் கேட்பதில்லை. இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூடவே இன்னொன்றும் உண்டு. 'ஹைஜீன் இல்லை', 'கூட்டம் ஒரு மாதிரி' என்பவற்றில் சில, தட்டைப் பார்த்து எழுதியவை இல்லை, தட்டைக் கொண்டுவந்த ஆளைப் பார்த்து எழுதியவை. உரிமை கேட்காமல் எல்லோருக்கும் கிடைக்கும்போது பழைய கண்ணும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், ஹார்வர்டின் மைக்கேல் லூகா 2011-ல் சியாட்டில் நகர உணவகங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. யெல்ப்பில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது. அதுவும் தனிக் கடைகளுக்குத்தான், பெரிய செயின் கடைகளை அது பாதிப்பதில்லை. சியாட்டில் கணக்கை அண்ணாமலை நகர் தோசைக்கல்லுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் ஏழெட்டுப் பேர் மட்டும் எழுதியிருக்கிற கடையில் ஒரு இரண்டு நட்சத்திரம் சராசரியை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஹார்வர்டு வேண்டாம்.

என் நாலு வரிக்கு வருகிறேன். எழுதிப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அந்தக் கடைக்குத்தான் போனேன், வேறு எங்கே போவது, கையில் காசு அவ்வளவுதான். கடைக்காரர் போனை நீட்டினார்.

"தம்பி, நம்ம கடையப் பத்தி இதுல என்னமோ போட்டிருக்காங்களாம். பையன் சொன்னான். இங்கிலீசுல இருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

என் ப்ரொஃபைலில் அப்போது ஒரு ஃபுட்பால் வீரனின் பெயரும் படமும். அதனால் தப்பித்தேன், தப்பித்தேன் என்று சொல்லலாமா தெரியவில்லை. என் விமர்சனத்தை நானே மொழிபெயர்க்க வேண்டிவந்தது. 'எண்ணெய் கொஞ்சம் தூக்கலா இருக்காம்ணே' என்றேன். அந்தக் 'கொஞ்சம்' மூலத்தில் கிடையாது. 'பிரெட்டு அன்னிக்கு சரியில்லையாம்.' 'தட்டுல ஏதோ வெள்ளையா...' ஒவ்வொன்றுக்கும் அவர் எனக்குப் பதில் சொன்னார். பேக்கரி வண்டி தினமும் வருவதில்லை. போர்த் தண்ணீர் உப்பு, கழுவிக் காயவைத்தால் அப்படித்தான் படியும், இந்தா பாரு என்று ஒரு தட்டை எடுத்து வேட்டியில் தேய்த்துக் காட்டினார். கடைசி வரியை விட்டுவிடப் பார்த்தேன். "இன்னும் ஒரு வரி இருக்கு போல?" என்றார்.

"பேசத் தெரியலன்னு போட்டிருக்குண்ணே."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிரித்தார். "கல்லு பக்கம் இருக்கிற காது எனக்குக் கேக்காது தம்பி. அந்தப் பக்கமா நின்னு கேட்டிருப்பான். அவன்ட்ட யாரு சொல்றது."

நான் அந்தப் பக்கமாகத்தான் நின்று கேட்டேன். இரண்டு தடவை.

"எண்ணெய் கம்மியா ஒண்ணு போடறேன், தின்னு பாத்துச் சொல்லு" என்று முட்டையை உடைத்தார். வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள். பிரெட் கல்லில் ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டி எடுத்து, பிய்ந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் கருகி, நடுவில் வேகாமல், நன்றாகவே இல்லை. அவர் கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"முன்னாடி போட்டதே நல்லா இருந்துச்சுண்ணே."

"அப்படியா?" போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப இவனுக்கு என்ன பதில் போடறது?"

"ஒண்ணும் போட வேணாம்ணே" என்றேன்.