தண்டர்போல்ட்டும் தொண்டர்களும்
ஒரு படமும் ஒரு நூலும்

இயந்திரத்துக்கும் ஆயுள் உண்டு. தொழில் மறையுமாயின் அதற்கென அமைந்த எஞ்சினும் துருவுக்கு இரையாகும். அவ்வாறு இரையாக விடாது காத்த தொண்டர்களைப் பற்றி 1953 ஆம் ஆண்டில் இரு படைப்புகள் வெளிவந்தன. ஒன்று, எல். டி. சி. ரோல்ட் எழுதிய 'ரயில்வே அட்வெஞ்சர்' என்னும் ஆங்கில நூல். மற்றொன்று, டி. இ. பி. கிளார்க் கதை எழுத, சார்ல்ஸ் கிரைட்டன் இயக்கிய 'டிட்ஃபீல்டு தண்டர்போல்ட்' என்னும் நகைச்சுவைப் படம். இரண்டுக்கும் வித்து ஒன்றே. அதுதான் வேல்ஸ் நாட்டு டாலிலின் ரயில் பாதை.

சிலேட்டுக் கல் ஏற்றி வருவதற்காக 1865 இல் அமைந்தது அப்பாதை. 1946 இல் சுரங்கம் மூடப்பட்டது. 1950 இல் உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் மறைந்தார். பாதையும் உடன் மறையும் என்றிருந்த வேளையில், ஆர்வலர்கள் பர்மிங்காம் நகரில் கூடிச் சங்கம் கண்டு, 1951 மே மாதத்தில் வண்டியை ஓட்டிக் காட்டினர். தொண்டர்களால் காக்கப்பெற்ற ரயில் பாதைகளுள் உலகில் முதலாவது அதுவே.

கிளார்க் கதையை ஓர் ஆங்கிலச் சிற்றூருக்கு மாற்றினார். பாதிரியாரும் ஊராரும் கிளைப் பாதையைத் தாமே நடத்த முனைகின்றனர். பஸ் முதலாளிகள் எஞ்சினைக் கவிழ்த்துவிடுகின்றனர். சோதனைக்கு முந்திய இரவில், காட்சிச்சாலையில் நின்ற பழைய எஞ்சினை ஊரார் வெளியே கொணர, அது மறுநாள் ஓடுகிறது! சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் நெடுங்காலம் நின்ற கொதிகலன் ஓரிரவில் நீராவி தருமா? குழாய்களைச் சோதியாது அழுத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்தன்றோ? தொண்டின் பெரும்பகுதியான உழைப்பையே படம் விழுங்கிவிட்டது.

வியப்பு என்னவெனில், தண்டர்போல்ட்டாக நடித்த 'லயன்' எஞ்சினே மீட்கப்பட்ட ஒன்று. 1838 இல் லிவர்ப்பூல்–மான்செஸ்டர் பாதைக்காகக் கட்டப்பட்ட எஞ்சின் எனப் பெயர் பெற்றது அது. 1859 இல் லிவர்ப்பூல் துறைமுகத்தார் அதனை வாங்கி, கப்பல் பழுதுபார்க்கும் துறையில் நீர் இறைக்க வைத்தனர். ஏறத்தாழ 70 ஆண்டு அங்கேயே உழைத்த அதனை நகரத்துப் பொறியியலாளர்கள் மீட்டனர். குரூ பட்டறையில் செப்பம் பெற்று, 1930 இல் அப்பாதையின் நூற்றாண்டு விழாவில் அது ஓடியது. புனைந்த கதையினும் சிறந்த கதை கதாநாயகனின் இரும்பிலேயே இருந்தது. படம் அதனைக் காணவில்லை!

ரோல்ட்டோ தாமே மேலாளராக நின்று பாதையை நடத்தியவர். முதற் பருவத்தின் சுமையைப் பெரும்பாலும் தாங்கியது 'டோல்காக்' என்னும் முதிய எஞ்சின். துணைக்கென, மூடப்பட்ட காரிஸ் பாதையிலிருந்து இரண்டு எஞ்சின்கள் வாங்கினர். அவற்றுள் ஒன்று ஓடவே இயலவில்லை. தண்டவாளங்கள் அகன்று கிடந்தன. அதன் சக்கர விளிம்போ ஒடுக்கமானது. ஆகவே சக்கரங்கள் தண்டவாளங்களுக்கு இடையே இறங்கிவிட்டன. எஞ்சினைச் செப்பனிட்டால் மட்டும் போதாது, அது செல்லும் வழியையும் செப்பனிட வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

படத்துக்கும் ஒரு பெருமை உண்டு. எஞ்சினுக்கு உரிய இடம் கண்ணாடிக் கூடமன்று, தண்டவாளமே என்று அது துணிந்து கூறுகிறது. ஆயினும் எஞ்சின் தானாக ஓடாது. கொதிகலனின் ஓசை கேட்டே குறையறியும் முதியவரும், அவர் அருகில் கரி படிந்த கையோடு நின்று கற்கும் இளைஞரும் இருந்தாலன்றி அது வெறும் இரும்பே. தொண்டர் காப்பது அந்தக் கையறிவை. அதனைப் படம் மறந்தது, நூல் மறக்கவில்லை. படத்தைப் பார்த்து மகிழ்க. நூலைப் படித்துத் தெளிக.