பேய் விரலும் எட்டு வழி வைத்தியமும்

"லேப்டாப் ஸ்கிரீன் தானாவே க்ளிக் ஆகுது" என்று தேடிப் பாருங்கள். வீடியோவோ கட்டுரையோ, எதைத் திறந்தாலும் ஒரே மருந்துச் சீட்டுதான். ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்கிரீனைத் துடைங்க. கார்டு ஒட்டியிருந்தா பிரிச்சுடுங்க. டிரைவரை அப்டேட் பண்ணுங்க. டிரைவரை எடுத்துட்டு மறுபடி போடுங்க. கேலிப்ரேட் பண்ணுங்க. விண்டோஸை ரீசெட் பண்ணுங்க. அப்பவும் சரியாகலையா? டிவைஸ் மேனேஜருக்குப் போய் டச்சையே ஆஃப் பண்ணிடுங்க. ஆக மொத்தம் எட்டு.

இந்தக் குறிப்பு அந்த எட்டு வழி வைத்தியத்தைப் பற்றிய விமர்சனம். அவை எட்டும் பொய் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மெஷினில் வேலை செய்திருக்கும். என் குறை வேறு. இந்தப் பட்டியலில் ஒரு கேள்விகூட இல்லை. எப்போ வருது, ஸ்கிரீனில் எந்த இடத்தில் வருது, எதைச் செய்தால் நிக்குது என்று யாருமே கேட்பதில்லை. நாடி பிடிக்காமலே எட்டு மாத்திரையையும் வரிசையாக முழுங்கச் சொல்கிற வைத்தியம் இது. அந்த வரிசையும் நோயின் காரணத்தைப் பார்த்துப் போட்டதாகத் தெரியவில்லை. எழுதுகிறவருக்கு எது சுலபமோ அது முதலில் வருகிறது.

இதனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். இங்கே பல வீடுகளில் ஒரே ஒரு லேப்டாப்தான். பெண்ணின் காலேஜ் விண்ணப்பம், அப்பாவின் பென்ஷன் விவரம், வங்கிப் பரிமாற்றம் எல்லாம் அதில்தான். "உறுதி செய்" பட்டன் மேல் யாரும் தொடாமலே ஒரு தொடுகை விழுந்தால் அது விளையாட்டு இல்லை. ஏழாவது வழியான ரீசெட்டில், பேக்கப் எடுக்காதவர்களின் கோப்புகளும் நிரல்களும் போய்விடலாம். கடைசியில் சர்வீஸ் கடைக்குப் போனால், பெரும்பாலான மெஷின்களில் டச் கண்ணாடியும் டிஸ்பிளேவும் ஒன்றாக ஒட்டப்பட்டவை என்பதால், "மொத்த பேனலையும் மாத்தணும் சார்" என்று ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொல்வார்கள். காரணம் தெரியாமல் கொடுக்கிற காசு அது.

முதல் தடை, பெயர்தான். ஆங்கிலத்தில் கோஸ்ட் டச் என்கிறார்கள். நாமும் பேய்த் தொடுகை என்கிறோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேய் என்று சொன்ன உடனே, அது நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும், காரணம் தேட வேண்டாம் என்று மனசு ஒதுங்கிவிடுகிறது. ஆனால் இந்தப் பேய்க்கு முகவரி உண்டு.

டச் ஸ்கிரீன் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளி ஊடுருவும் பொருளால் ஆனவை. ஒரு திசைக் கோடுகளில் சமிக்ஞை அனுப்பப்படும். மறு திசைக் கோடுகளில் அது வாங்கப்படும். இரண்டும் சந்திக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி மின்தேக்கி, அதாவது கெபாசிட்டர். விரலை வைத்தால் மின்புலத்தில் ஒரு பகுதியை விரல் இழுத்துக்கொள்ளும். அந்தப் புள்ளியில் மின்தேக்கம் கொஞ்சம் குறையும். கொஞ்சம் என்றால் ஒரு பிக்கோஃபாரடுக்கும் கீழே. இதை கன்ட்ரோலர் சிப் நொடிக்குச் சுமார் நூறு தடவை அளந்து, "யாரும் தொடாத நிலை" என்று தான் நினைவில் வைத்திருக்கிற அளவோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் எல்லையைத் தாண்டினால், "விரல்" என்று முடிவு செய்கிறது.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, அந்த முடிவை எடுப்பது கன்ட்ரோலருக்குள் இருக்கிற ஃபர்ம்வேர். விண்டோஸில் இருக்கிற டிரைவர், "இந்த இடத்தில் விரல்" என்று வந்த செய்தியை மேலே கடத்துகிற தபால்காரர் மட்டுமே. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே டச் ஸ்கிரீன்களுக்கான பொது டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. அதை நாலு தடவை எடுத்து நாலு தடவை போட்டாலும் பெரும்பாலும் அதே தபால்காரர்தான் திரும்பி வருவார். தப்பான கடிதத்தைத்தான் கொண்டு வருவார். கன்ட்ரோலருக்கான ஃபர்ம்வேர் அப்டேட் லேப்டாப் கம்பெனி வெளியிட்டிருந்தால் அது வேறு விஷயம். அதைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. எட்டு வழிப் பட்டியல் இந்த இரண்டையும் பிரிப்பதே இல்லை. கேலிப்ரேஷனும் அப்படித்தான். தொட்ட இடம் ஒன்று, பதிவாகிற இடம் வேறு என்றால் அது உதவும். தொடாத தொடுகையை அது இல்லாமல் ஆக்காது.

இரண்டாவது, ரீஸ்டார்ட். இது சில சமயம் வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. கன்ட்ரோலர் தன் "தொடாத நிலை" அளவைப் புதிதாக எடுத்துக்கொள்கிறது. பழைய அளவு எடுத்தபோது ஸ்கிரீனில் ஈரமோ கையோ இருந்திருந்தால், ரீஸ்டார்ட்டில் அது சரியாகும். அப்படியானால் ரீஸ்டார்ட் ஒரு துப்பு. செய்த பிறகு எவ்வளவு நேரம் நன்றாக இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை.

இனி, இந்தப் பட்டியல்களில் நான் பெரும்பாலும் பார்க்காத, நம் ஊரில் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி: சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும் வருதா?

லேப்டாப் அடாப்டருக்குள் மின்சாரம் நொடிக்குப் பல பத்தாயிரம் முதல் சில லட்சம் தடவை வரை ஆன்-ஆஃப் ஆகிறது. டச் கன்ட்ரோலர் அளக்கிற அலைவரிசையும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். அடாப்டரின் இரைச்சல் அடங்க ஒரு நல்ல எர்த் இணைப்பு வேண்டும். மூன்று பின் அடாப்டரில் அந்த மூன்றாவது, தடிமனான பின் அதற்குத்தான். எங்கள் கதிர்காமம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் இரண்டு துளை சாக்கெட் உண்டு. மூணு பின்னை அதில் சொருக ஒரு கன்வர்ட்டர். எர்த் அங்கேயே அறுந்தது. மூணு துளை இருக்கிற வீட்டிலும் பின்னால் எர்த் ஒயர் போயிருக்கா என்பது சுவருக்குத்தான் தெரியும். உப்பும் கரியும் போட்டு மூடின எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊத்துகிற பழக்கமும் குறைந்துவிட்டது.

எர்த் இல்லாதபோது லேப்டாப்பின் உடம்பு மொத்தமும் மிதக்கிறது. அடாப்டருக்குள் மெயின்ஸ் பக்கத்தையும் லேப்டாப் பக்கத்தையும் இணைக்கிற ஒரு சிறிய பாதுகாப்புக் கெபாசிட்டர் இருக்கும். 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாகக் கசிவது சுமார் 72 மைக்ரோஆம்பியர். அதே கெபாசிட்டர் அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் சுமார் 45. நமக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். மெட்டல் உடம்புள்ள லேப்டாப்பை வெறுங்காலோடு உட்கார்ந்து லேசாகத் தடவினால் விரலில் சுர்ருன்னு ஒரு அதிர்வு தெரியுமே, அது இதுதான். செருப்பு போட்டால் குறையும்.

அந்த 50 ஹெர்ட்ஸ் கசிவை டச் சிப் வடிகட்டிவிடும். தொல்லை, அதே வழியாக வருகிற அதிவேக இரைச்சல். யாரும் தொடாதவரை மெஷின் மொத்தமும் ஒன்றாக ஏறி இறங்குவதால் உள்ளே ஒன்றும் தெரியாது. படகில் இருப்பவருக்குப் படகின் ஆட்டம் கப்பில் இருக்கும் டீயில்கூடத் தெரியாத மாதிரி என்று சொல்லலாம், படகு மெதுவாக ஆடினால். கரையில் நிற்பவர் கை நீட்டிப் படகைத் தொடும்போதுதான் ஆட்டம் தெரிகிறது. தரையோடு தொடர்புள்ள நம் விரல் ஸ்கிரீனைத் தொட்டதும் அந்த இரைச்சல் விரல் வழியாக உள்ளே இறங்கி, விரல் இருக்கிற வாங்கும் கோடு நெடுக போலித் தொடுகைகளை உண்டாக்குகிறது. ஆகவே சார்ஜர் பேய்க்கு ஒரு அடையாளம் உண்டு: நீங்கள் ஒரு விரல் வைத்தால், அதே நேர்க்கோட்டில் இன்னும் சில விரல் முளைக்கும். கையை எடுத்தால் அடங்கும்.

பக்கத்துத் தெருவில் ஒருவரின் மெஷினுக்கு இதே நிலைமை. ஒரு சர்வீஸ் கடையில் பேனல் மாற்றச் சொல்லிவிட்டார்கள். சார்ஜரைக் கழற்றினதும் நின்றது. எர்த் சரியாக இருந்த இன்னொரு வீட்டில் அதே சார்ஜரைப் போட்டபோதும் வரவில்லை. தேவைப்பட்டது பேனல் இல்லை, எலக்ட்ரீஷியன். இதில் லேப்டாப்பைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சுவரில் எர்த் இல்லை என்றால் அதே வீட்டு கிரைண்டருக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் எர்த் இல்லாமல் இருக்கலாம். டிரைவரை மாற்றச் சொல்கிற வீடியோ இதை எங்கே சொல்லப்போகிறது? சுர்ருன்னு இல்லாமல் பளீரென்று அடித்தால் உடனே கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களே சோதிக்க வேண்டாம்.

மற்ற பேய்களுக்கும் இப்படியே அடையாளம் உண்டு. யாருமே பக்கத்தில் இல்லாதபோது, பேட்டரியில் ஓடும்போதும், ஒரே கோட்டில் வருகிறதா? பேனலோ அதன் கனெக்டரோ பழுது. மூடியைச் சாய்க்கிற கோணம் மாறினால் வருவதும் போவதுமாக இருக்கிறதா? கீல் வழியாகப் போகிற கேபிள் தேய்ந்திருக்கலாம். பேனலைவிட மலிவான வேலை. ஏசி அறையிலிருந்து ஐப்பசி மழைக்காற்றுக்கு வந்த உடனே வருகிறதா? ஈரம், காயட்டும். பேட்டரி திரைக்குப் பின்னால் இருக்கிற டேப்லெட் மாதிரி மெஷினில், திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பேட்டரி வீங்கியிருக்கலாம். அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். இந்த நிலையில் எட்டாவது வழிப்படி டச்சை ஆஃப் செய்துவிட்டு நிம்மதியாக வேலையைத் தொடர்வது ஆபத்து. லினக்ஸை யூஎஸ்பி-யிலிருந்து ஏற்றிப் பார்த்து, அங்கே வரவே இல்லை, விண்டோஸில் மட்டும்தான் என்றால், அப்போது டிரைவரைப் பற்றிப் பேசலாம்.

சரி, கேள்வி கேட்காத பழக்கம் வீடியோ போடுகிறவர்களிடம் மட்டுமா? பெரிய கம்பெனிகளும் அப்படித்தான். ஐஃபோன் 6 பிளஸில் திரை துடிப்பதும் டச் வேலை செய்யாமல் போவதுமான கோளாறு 2016-இல் "டச் டிசீஸ்" என்று பேசப்பட்டது. ஆகஸ்டில் ஐஃபிக்ஸிட் அதை விரிவாக எழுதியது: போன் லேசாக வளைவதில் போர்டில் இருக்கிற டச் சிப்பின் சால்டர் பிடிமானம் விடுகிறது, திரையை மாற்றினாலும் தீராது. நவம்பரில் ஆப்பிள் 149 டாலர் கட்டணத்தில் ஒரு ரிப்பேர் திட்டம் அறிவித்தது. போன் பல தடவை கடினமான தரையில் விழுந்து, அதற்குப் பிறகும் அழுத்தம் பட்டதால் வருவது என்பது அதன் விளக்கம். பழி வாங்கினவர் மேல். 2018 மே மாதம் நீதிமன்ற ஆவணங்கள் வெளியே வந்தபோது, ஐஃபோன் 5எஸ்ஸைவிட 6 பிளஸ் 7.2 மடங்கு அதிகமாக வளையக்கூடியது என்று கம்பெனியின் சொந்தச் சோதனையே காட்டியிருந்தது தெரிந்தது. 2016 மே மாதமே அந்தச் சிப்புக்கு எபாக்ஸி பசை போட ஆரம்பித்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது. நேர்மாறாக, 2018 நவம்பரில் ஐஃபோன் எக்ஸில் தொடாமலே திரை இயங்குகிற கோளாறு வந்தபோது, டிஸ்பிளேவில் ஒரு பாகம் பழுதாகலாம் என்று ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றிக்கொடுத்தது அதே கம்பெனி. காரணத்தைச் சொன்னால் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. காரணத்தைப் பேசாத எட்டு வழிப் பட்டியல் எல்லோருக்கும் வசதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ரிப்பேர் உரிமைக்கான இணையதளம் ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் அது தகவல் தருகிற இடம். கடையில் நிற்கிறவருக்கு இந்த மெஷினை ரிப்பேர் செய்ய முடியுமா என்று ஒரு மதிப்பெண் தருவதில்லை. பிரான்ஸில் 2021 ஜனவரி 1 முதல் லேப்டாப் உட்பட சில வகைப் பொருள்களுக்கு ரிப்பேர் மதிப்பெண்ணைப் பத்துக்கு இத்தனை என்று விற்பனையின்போதே காட்ட வேண்டும். ஆவணங்கள் கிடைக்கிறதா, பிரிக்க எளிதா, பாகம் கிடைக்கிறதா, பாகத்தின் விலை என்ன என்பதெல்லாம் அதில் கணக்கு. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பொலிவார்தையும் தெருப்பெயர்களையும் வைத்துக்கொண்ட ஊர் நம்முடையது. இந்த ஒரு சட்டத்தையும் வாங்கிக்கொள்ளலாம். இந்தியாவுக்கான மதிப்பெண் முறை பற்றி நுகர்வோர் விவகாரத் துறையின் குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. டச் பேனலைத் தனியாக மாற்ற முடியுமா, மொத்த டிஸ்பிளேவும் போகணுமா என்பது அந்த மதிப்பெண்ணில் தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை நம் கையில் இருப்பது ஒரு பேப்பரும் பேனாவும். செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன்னால் இரண்டு நாள் குறித்து வையுங்கள்: நேரம், சார்ஜர் இருந்ததா, மூடி எந்தக் கோணம், ஸ்கிரீனில் எந்த இடம், கை பட்டிருந்ததா. பெயின்ட்டைத் திறந்து வைத்தால் பேய் தானே கோடு போட்டுக் காட்டும். அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்தப் பேப்பரையும் போட்டோவையும் முதலில் மேஜையில் வைத்துவிட்டு, பேனல் விலையை அப்புறம் கேளுங்கள்.