தனி வயலினும் துணை நரம்புகளும்

வயலின் பயிலும் மாணாக்கன் இடைநிலையை எட்டியதும், பியானோத் துணையை விடுத்து நரம்பிசைக் குழுவின் முன்னே தனித்து நின்று வாசிக்கும் நாள் ஒன்று வருகின்றது. அந்நாளுக்குரிய படைப்பைத் தேரும் ஆசிரியர், பெரும்பாலும் தனி வயலினுக்குரிய தாளை மட்டுமே புரட்டுகின்றார். விரல் எட்டுமா, வில் ஓடுமா என்று ஆராய்கின்றார். பின்னே அமரப்போகும் இருபது பிள்ளைகளின் தாள்களை எடுத்துப் பார்ப்பதில்லை. தேர்வு பிழைபடுவது இங்கேதான். கருநாடக இசையரங்கில் வயலினைப் பக்க இசையாகக் கேட்டுப் பழகிய தமிழர்க்குத் துணையிசையின் பொறுப்பு எத்தகையது என்று விளக்க வேண்டுவதில்லை.

ஒஸ்கார் ரீடிங் இயற்றிய பி மைனர் கன்செர்ட்டோ முதல் நிலையிலேயே வாசிக்கத்தக்கது. ஆதலின் பலரும் அதனை நாடுவர். ஆயின் அது பியானோத் துணைக்கென எழுந்தது. குழுவுக்கென மாற்றியமைக்கும்போது, வியோலாவுக்கும் செல்லோவுக்கும் நீண்ட சுரங்களும் துணுக்குகளுமே எஞ்சிவிடக்கூடும். முன்னே நிற்பவன் மகிழ, பின்னே இருப்போர் சோர்வர்.

பாக்கின் ஏ மைனர் கன்செர்ட்டோ இதற்கு நேர்மாறானது. தனி வயலின் பாடுகையிலேயே, குழு தன் தொடக்கக் கருத்தின் துண்டுகளை இடையிடையே நெய்துகொண்டு செல்கின்றது. இடைப்பகுதியிலோ தாழ்நரம்புகளின் ஓர் உருவே மீண்டும் மீண்டும் வந்து அனைத்தையும் தாங்குகின்றது. செல்லோ தடுமாறின் கட்டடமே சாயும். தேர்ந்த ஒரு மாணாக்கனுக்காகத் தேராத குழுவை இதில் இறக்குதல் கொடுமையாகும்.

இவ்விரண்டுக்கும் இடையே விவால்டியின் ஏ மைனர் கன்செர்ட்டோ நிற்கின்றது. 1711இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த பன்னிரு கன்செர்ட்டோக்களுள் ஆறாவது இது. வெனிஸ் நகரத்துப் பெண்கள் காப்பகமாகிய பியெத்தாவில் 1703 முதல் வயலின் கற்பித்தவர் விவால்டி. குழுவில் ஒவ்வொருவருக்கும் வேலை வேண்டும் என்பதை அவர் அறியாதவரல்லர். இப்படைப்பில் குழு பல்லவிபோல் ஒரு பகுதியைக் கம்பீரமாக முழக்கித் தொடங்குகின்றது. அப்பகுதி சுருதியிடம் மாறியும் சுருங்கியும் திரும்ப வருகின்றது. இடையே தனி வயலின் நரம்புவிட்டு நரம்பு தாவும் விரைவு ஓட்டங்களை நிகழ்த்தும்போது, துணை பெரும்பாலும் மெலிந்து நிற்கின்றது. ஆகவே மாணாக்கனின் சிறிய ஒலியும் அரங்கின் கடைசி வரிசையை எட்டும். குழுவும் தன் முறை வரும்போது முழுவில் போட்டு வாசிக்கும். மூன்றாம் நிலையில் கை ஊன்றியவனுக்கு இது பெரிதும் எட்டாததன்று. சுசுகி முறையின் நான்காம் நூலில் இடம்பெற்றமையால் 'பழகிப்போனது' என்று ஒதுக்குவோர் உளர். குழுவின்றிப் பழகியதைப் பழகியதென்று கொள்வது எங்ஙனம்?

ஒன்று கவனிக்கத்தக்கது. டிவாடர் நாச்செஸ் திருத்திப் பதிப்பித்த வடிவமே வகுப்புகளில் நெடுங்காலம் வழங்கியது. அது தனிப்பகுதியில் மூலத்தினின்று ஆங்காங்கே வேறுபடும். மாணாக்கன் அவ்வடிவத்தை மனப்பாடம் செய்திருக்க, குழுவினர் மூலப்பதிப்பின் தாள்களை வாங்கி வருவராயின், முதல் ஒத்திகை பூசலில் முடியும். பயிற்சி தொடங்குமுன்னரே இருசாராரும் ஒரே பதிப்பைக் கையில் கொள்ளுதல் வேண்டும்.

காலம் போதாதெனின் இடையிலுள்ள லார்கோவை மட்டும் அரங்கேற்றலாம். அது சிறியது, குழுவுக்கு எளியது. ஆயின் ஓட்டத்தில் மறையும் குரல் குறையெல்லாம் அந்நீண்ட வில்லில் வெளிப்பட்டுவிடும்.